குடிக்காதவருக்கு வந்த நோய்

லேத் பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பச்சத்தண்ணி’. சம்பள நாளில் கூட்டாளிகள் மதுக்கடைப் பக்கம் ஒதுங்கும்போது, இவர் மட்டும் நேரே வீட்டுக்கு வண்டியை விடுவார். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. குடியை விடச் சொல்லிப் பக்கத்து மெஷின்காரருக்குத் தினமும் ஒரு பாட்டம் புத்தி சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் பல் துலக்கும்போது ரத்த ரத்தமாக வாந்தியெடுத்தார். தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனைவி அவரை ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை இறக்கி, உணவுக்குழாயில் வெடித்திருந்த ரத்தக்குழாயை ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார்கள்.

“கல்லீரல் சுருங்கிடுச்சும்மா. எப்பவோ வந்த காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி அரிச்சிருக்கு. இன்னும் சில ரத்தக்குழாய் வீங்கி நிக்குது. எல்லாம் சுருங்குற வரைக்கும் வந்து வளையம் போட்டுக்கணும். விட்டா மறுபடி வெடிக்கும்” என்றார் டாக்டர்.

அடுத்த முறை போனபோது கல்லீரல் பிரிவின் வாசலில் பெஞ்சு நிறையக் கூட்டம். பக்கத்தில் இருந்தவர் உப்பிய வயிற்றைத் தடவிக்கொண்டே, “உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம் சார்?” என்று சகஜமாகக் கேட்டார். இவர் முகம் செத்துவிட்டது. விருட்டென்று எழுந்து வெளியே நடந்தார்.

“என்னங்க, எங்க போறீங்க?”

“பட்டறை ஆளுங்க எவனாவது பார்த்தா என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணவன் யோக்கியதையப் பாருன்னு சிரிப்பானுங்க.”

“சிரிச்சிட்டுப் போறானுங்க! டாக்டர் சொன்னது காதுல விழலையா?”

“மாத்திரை சாப்பிடுறேன்ல. நீ வெளிய மூச்சு விடாத.”

பட்டறையில் அல்சர் என்று சொல்லிவைத்தார். அவள் கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. உயிரைவிடப் பெரிய மானம்! அவளும் கேட்டவர்களிடமெல்லாம் அல்சர் என்றே சொன்னாள். அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை மறுகுகிறாள்.

மறுபடி வெடித்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் ஆட்டோவிலேயே, அவள் மடியிலேயே போய்விட்டார்.

துக்கத்துக்குப் பட்டறையே திரண்டு வந்தது. இனி யாரிடம் மறைப்பது? அவள் உள்ளதைச் சொன்னாள். பக்கத்து மெஷின்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் அதே வளையம்தான்க்கா போட்டாங்க. போய்ப் போய் எல்லாத்தையும் அடைச்சாச்சு. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்தே போயிருப்போமே.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“ஒரு நாளாவது உங்ககூட உட்கார்ந்து குடிச்சிருக்கலாம் தம்பி அவரு” என்று சொல்லிவிட்டுக் கதறினாள். “வெட்கப்படாம வந்திருப்பாரே.”