பென்னலூர்க்காரியின் முயல் மரபணு

எக்ஸ்ரே படத்தில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி பென்னலூர்க்காரி நின்ற நிற்பு இன்றும் என் கண்ணை உறுத்துகிறது. 1991. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்த ஆய்வு மாணவிகள். இரத்தத்தில் கொழுப்பை ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்கு மாற்றிவிடும் புரதம் ஒன்று உண்டு. எலிக்கு அது அநேகமாக இல்லை, முயலுக்கு ஏராளம். முயல் ஈரலிலிருந்து அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை.

ஈரலில் கிடைத்த மரபணுத் துண்டுகளையெல்லாம் பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தட்டுத் தட்டாக வளர்த்தோம். ஏதோ ஒரு தட்டில் நாங்கள் தேடியது இருக்கும்; தட்டுகளை எக்ஸ்ரே படத்தில் பதிவெடுத்தால் அது இருக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். தட்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தவள் நான். கைக்கு எட்டிய அடுக்கை எடுத்துக்கொண்டு மற்றதை அவள் பக்கம் தள்ளினேன். புள்ளி அவள் தட்டில் விழுந்தது. நோகாமல் நோன்பு கும்பிட்டுவிட்டாள் என்று உள்ளுக்குள் கறுவினேன். உண்மையில் அவளும் என்னளவு உழைத்தவள்தான். வயிற்றெரிச்சலுக்கு நியாயம் எங்கே தெரிகிறது?

பேராசிரியர் மரபணுவை அவள் ஆய்வுக்குக் கொடுத்தார், முயல்களை எனக்கு. கொழுப்பு கலந்த தீனி போட்டால் ஈரலில் அந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அவள் கண்டெடுத்த மரபணுத் துண்டு வேண்டும். தீரும்போதெல்லாம் உறைமோர் கேட்டு வருகிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அவள் மேசை முன்னால் போய் நிற்பேன். அவள் ஒருதரம்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் மனதாரத் திட்டவாவது செய்திருப்பேன்.

கடைசியில் கேட்கவே பிடிக்காமல், அந்தத் துண்டைச் சுமந்த, அவள் கொடுத்த பாக்டீரியாவை ஒரு சின்னக் குப்பியில் வளர்த்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். மாதாமாதம் புதுக் குப்பிக்கு மாற்றினேன். தவறினால் மறுபடி அவளிடம் அல்லவா போக வேண்டும்!

அந்த மழைக்காலத்தில் கரண்ட் போய் ஃப்ரீசர் பாழானது. அவள் சேமித்திருந்ததெல்லாம் உருகிச் செத்துவிட்டது. ஆய்வேடு பாதியில் நிற்கிறது. துண்டு இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. பேராசிரியரிடம்கூடச் சொல்லாமல் நேரே முயல் கொட்டகைக்கு வந்தாள்.

"உன் அலமாரில கீதுல்ல? கொஞ்சம் குடு."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. என்னைப் பாத்தா உனக்கு வயிறு எரியுதுன்னு அந்தப் புள்ளி வுழுந்த அன்னிக்கே தெரியும். திரும்ப என்கிட்ட வந்து கேக்க உனக்கு மனசு வராது. அதான், நீ அத்த சாவ வுட்டிருக்க மாட்டேன்னு வந்தேன்."

கோபமில்லை, குத்தலில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். நான் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஆய்வேடு முடிந்தது, பட்டமும் வந்தது. கட்டுரையில் அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

இப்போது அந்த வழியாக ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அவள் எங்கோ ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி. மரபணுவை அவள் கண்டுபிடித்ததை எப்படியோ ஆற்றிக்கொண்டேன். நான் யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்ததையும் அவளே முதலில் கண்டுபிடித்துவிட்டாள். அதைத்தான் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.