தடித்த எழுத்தில் இரண்டு வரி

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. தி.நகரில் ஒரு கடையில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். நிறம் பொருந்தவில்லை என்று யாராவது சத்தம் போட்டால் தைத்ததைப் பிரித்துவிடுவேனே தவிர, நீங்கள் காட்டிய நிறம்தான் இது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஈரலைப் பற்றியெல்லாம் டாக்டர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் விஷயத்தில், அவர் உறவுக்காரர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அந்த ரத்தப் பரிசோதனைத் தாள் இன்றும் பீரோவில் இருக்கிறது. மற்ற வரிகள் மெல்லிய எழுத்தில் இருக்க, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். நாற்பதை ஒட்டி இருக்க வேண்டிய எண்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. அவர் ஆக்டிங் டிரைவர். கூப்பிடுகிற நாளில் கூப்பிடுகிறவர்களின் காரை ஓட்டுவார். அடையாறில் ஒரு வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி, முதலில் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். தாளைப் பார்த்த அந்த வீட்டு ஐயா, “லிவர் இப்படி இருக்கே, குடிப்பீங்களா?” என்று கேட்டாராம். “வுட்டு எட்டு மாசம் ஆவுது சார்” என்றாராம் இவர். சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

எட்டு மாதம் என்று அவர் சொன்னது உண்மை. லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெருவுக்குக் கிட்டத்து வழி ஒன்று உண்டு. அதில் மதுக்கடை இருந்ததால், அந்த எட்டு மாதமும் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொம்புத் தண்ணீரைக் கேட்பார்.

என் தம்பி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இன்னா மாமா, வாய் பொய் சொல்லும். ரத்தமும் சொல்லுமா?”

“முண்டகக்கண்ணி அம்மா மேல சத்தியம்டா. தொடல.”

“அம்மன வுடு மாமா. நெம்பரு இன்னா கீது, அதப் பாரு.”

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் தம்பியைத்தான் நம்பினேன்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. அவர் குடியை விடுவதற்கு ஒரு மாதம் முன்பு, எங்கள் கடையில் பட்டன் வைக்கும் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தாள். பெயர் போடாத வெள்ளைப் பொடி. “அவராண்ட சொல்லாத. ரசத்துல ஒரு சிட்டிகை போட்டுக்கினு வா. தானா வெறுத்துடும்” என்றாள். போட்டேன். அடுத்த மாதம் அவர் விட்டார். பொடிதான் விடவைத்தது என்று நினைத்தேன். நிறுத்தினால் திரும்பக் குடிப்பாரோ என்ற பயத்தில், தீரத் தீர வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தத் தாள் வந்த அன்று, பொடிக்கு வேகம் குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒரு சிட்டிகையை இரண்டாக்கினேன்.

மூன்று வாரத்தில் அவர் கண் மஞ்சளாயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா தாளைப் பார்த்தார். நிதானமாகப் பேசினார். “இது ஈரல் செல்லுக்குள்ள இருக்க வேண்டிய பொருள். செல் அடிபட்டா ரத்தத்துல கசியும். அடிபட்டிருக்குன்னுதான் இந்த நம்பர் சொல்லும், அடிச்சது யாருன்னு சொல்லாது. குடியா இருக்கலாம், வைரஸா இருக்கலாம், ஏதாவது மருந்தாகூட இருக்கலாம்.” பல நாளுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர், முதல்முறையாக, அவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டாமல் பேசியிருந்தார்.

“வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? லேகியம், சூரணம், பொடி?”

“ஒண்ணும் கெடயாது மேடம். தோ, என் சம்சாரத்தையே கேளுங்க. இவ கையால துன்றத தவிர நான் வேற எதுவும் துன்றதில்ல.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “இல்லீங்க” என்றேன்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் அவர்கள் இல்லை. பத்து மாதமாக உங்களுக்குத் தெரியாமல் உங்கள் சோற்றில் கலந்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து மீதிப் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். நிறுத்திவிட்டோமே, இனி சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் வயிறு வீங்கி அவரை வார்டில் சேர்த்தார்கள்.

அன்றுதான் டாக்டரம்மாவைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அந்தப் பொட்டலம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். கொட்டிவிட்டதாகச் சொன்னேன். “அதனாலதான்னு இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. அது இல்லன்னும் சொல்ல முடியாது. அன்னிக்குக் கேட்டேனே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமும் சொன்னேன். அக்கா கொடுத்தது, ரசம், ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை, எல்லாம். அவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், போய்விடு என்பார் என்று காத்திருந்தேன். ஈரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்போ, நானா வுடலியா?” என்றார்.

நீங்களேதான் விட்டீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று அது தெரிகிறது. அன்று, “தெரியலங்க” என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவருக்கு நினைவு தப்பியது. மதியம் மூன்று மணிக்கு இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் என் தம்பி, குடிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.