பூக்காரக் கிழவரின் நடை

என் வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய போட்டோவுக்கு ஒன்றும் குறைவில்லை. மகள் போனில் நிறைய இருக்கிறது. ஆனால் அவர் நடப்பது எதிலும் இல்லை. கல்யாண கேசட்டில் நடக்கிறார். அது கால் அடிபடுவதற்கு முன்னால். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை செய்த லேத் பட்டறையில் இரும்பு ராடு விழுந்து இடது பாதம் நசுங்கியது. அதற்குப் பிறகு நடந்த நடைதான் எனக்கு அவர். ஒரு அடி அழுத்தமாக விழும், அடுத்த அடியில் செருப்பு தரையில் இழுபடும். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும்.

அந்த நடை மிச்சமிருந்தது ஒரே ஒரு இடத்தில். என் மகள் வேலை செய்த பொம்மைப் படத்தில்.

பொம்மைப் படம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “டிவில வர கார்ட்டூன் இல்லம்மா, தியேட்டர்ல ஓடப்போற முழுப் படம்” என்பாள். மலைக்கோயிலுக்குப் பூ சுமக்கும் ஒரு கிழவரும் அவர் பின்னாலேயே வரும் கன்றுக்குட்டியும்தான் கதை. அந்தக் கிழவரை நடக்க வைக்கும் வேலை இவளுக்கு. கம்ப்யூட்டரே எல்லாம் செய்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். யாரையாவது நடக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அப்போது தோள் எப்படிச் சாய்கிறது என்று ஒவ்வொரு அசைவாகப் பொம்மைக்கு ஏற்ற வேண்டுமாம். சாமி சிலைக்குக் கடைசியில் கண் திறப்பார்களே, அதுபோல இவர்கள் நடையைத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். தலையில் காய்கறிக் கூடையை வைத்தாள்.

“வெறும் கூடை வேணாம்பா. கனம் தெரியணும்” என்று அரிசிப் பையைத் தூக்கி அதற்குள் போட்டாள்.

“அடிப்பாவி! பெத்த அப்பனுக்கே கூலி வேலை குடுத்துட்டா பாரு” என்றார் அவர். என் பக்கம் திரும்பி, “நீ இன்னாடி சிரிச்சிகினு கீற? வந்து ஒரு கை புடி” என்றார்.

கூடையைச் சரியாக வைத்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. “ஏம்மா, நான் இஸ்துகினு நடக்கறது படத்துல வந்தா நல்லாவா இருக்கும்? வேற யார்னா நல்ல காலா பாரேன்.”

“இந்தக் காலுதான்பா வேணும். பாத்த உடனே, இந்த ஆளு எவ்ளோ காலமா சுமக்கறாருன்னு ஜனங்களுக்குப் புரியணும்.”

 அவர் தண்ணீர் டேங்கிலிருந்து துணிக்கொடி வரைக்கும் போய்ப் போய் வந்தார். மறுநாள் டீக்கடையில், “மாமே, இனிமே நாந்தான் ஈரோ” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

படம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பட்டறைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மகளிடம் அந்த வீடியோவைக் கேட்டேன். போனில் இடமில்லை என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அழித்திருக்கிறாள். அங்கே வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். “படத்துல இருக்கும்மா. நான் அப்படியே போட்டிருக்கேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படம் வெளியாகும் வரைக்கும் இருந்தேன்.

வருஷ திவசம் வராமல் நாங்கள் சினிமாவுக்குப் போவதில்லை. நாத்தனாருக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“இன்னா அண்ணி, எங்க அண்ணன் போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள உனக்கு சினிமா கேக்குதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“சினிமா பாக்கப் போவல. உங்க அண்ணன் நடக்கறத ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்” என்றேன்.

 அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருமிகினே நடப்பான், அதுவும் வருமா?” என்றாள்.

அம்மன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆவடி தியேட்டருக்குப் போனேன். சுற்றிலும் பிள்ளைகள், பாப்கார்ன். மலை வந்தது, படிக்கட்டு வந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கூடையோடு கிழவர் வந்தார்.

நேராக நடந்தார்.

இழுப்பு இல்லை. இரண்டு பாதமும் ஒரே மாதிரி விழுந்தன. கூடையின் கனம் இருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு யாரோ. மகள் என் கையை விட்டுவிட்டு சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் சாவு வீட்டில் இருந்த நாட்களில் அந்தக் காட்சி வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. கிழவருக்குக் காலில் என்ன என்று கதையில் எங்கும் சொல்லவில்லை, ஜனங்கள் குழம்புவார்கள் என்று சரிசெய்துவிட்டார்களாம். மறுநாள் விசாரித்துத்தான் இது அவளுக்கே தெரிந்தது.

யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அந்தக் கால் நேராக வேண்டும் என்று நானே அம்மன் உண்டியலில் வெள்ளிக் கால் போட்டவள். நேராகிவிட்ட அந்தக் காலைப் பார்த்துத்தான் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, இங்க பாரு” என்று கூடத்தின் குறுக்கே நடந்தாள். வலது கால் அழுத்தமாக விழுந்தது. இடது தோள் இறங்கியது. இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள் அல்லவா. பின்னாலிருந்து பார்க்க அவரேதான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சுவர்வரை போய்த் திரும்பினாள். முகம் முழுக்கக் கண்ணீர், உதடு கோணிக்கொண்டு, என் பிள்ளையின் முகம்.

“போதும்மா. உக்காரு” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் நடந்து காட்டவில்லை. இன்னொரு தரம் நட என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.