கரையில் கேட்ட ‘வாரேன்’

மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை எங்கள் காலனிப் பூங்காவின் இறகுப்பந்துத் திடல் பெண்களுக்கு. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. காலையில் ஆண்கள் ஆடுவார்கள். ஆறு மணிக்கு மேல் காலேஜ் பையன்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள். நடுவில் வெயில் இறங்காத அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒருத்தரும் சீந்தவில்லை என்பதால் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. நானும் அடுத்த தெருவில் இருந்த அவளும்தான்.

தொண்ணூறுகளில் மதுரைக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி முளைத்த காலனி அது. பூங்கா என்று வரைபடத்தில் விட்டிருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி, இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்கும் நான்கு சிமெண்டு பெஞ்சும் போட்டு, சுண்ணாம்பால் கோடு இழுத்தார்கள். நான் எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி அங்கே வந்தவள். அவள் டவுனில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரப் பெண். மாமியாரிடம் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிக்கொண்டே என்னிடம் திரும்பி மதுரைத் தமிழில் தொடர்வாள். “ரெண்டு பேரும் என்னையத்தான பேசுறீக?” என்பேன். “ஆமாக்கா, உன் மூக்கு கோணலா இருக்காம்” என்பாள். உண்மையில் அந்த மாமியார் எனக்குக் காபி போடச் சொல்லியிருப்பார்.

அவள் வீட்டுக்காரர் தூக்கிப் போட்ட இரண்டு பேட்டுகளை வைத்துத்தான் தொடங்கினோம். நரம்பு தளர்ந்து போன பேட்டு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். ஆட்டம் என்றா சொல்வது, பாதி நேரம் பந்தைத் தேடிக் குனிவதுதான். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? “ஏக்கா, உங்க ஆட்டத்த டிவியில எப்பப் போடுவாக?” என்று ஒருவன் கேட்டான். “உன் கல்யாணத்தன்னைக்குடா. அன்னைக்காச்சும் ஊரு சிரிக்கணும்ல” என்றாள் அவள், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆடி முடித்து கரையில் நடப்போம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். நிறைந்த தண்ணீர் வழிந்து மறுகால் பாய்கிறது என்று காலனியே திரண்டு வேடிக்கை பார்க்க வரும். பூங்காவின் பின்வாசலில் ஏறினால், கரையின் மறுகோடியில் இருக்கும் காளியம்மன் கோயில் வரை போய்த் திரும்புவோம். அந்த வயதில் எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. புருஷன் நல்ல மனுஷன், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார், அம்புட்டுத்தான். அவளிடம்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற பெண், “உங்க சேக்காளி குடும்பத்தோட பெங்களூர் போறாகளாமே, வீட்டக்கூட வித்தாச்சாம்ல?” என்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தினமும் கூட நடக்கிற எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, அரிசிப் பையோடு நேரே பூங்காவுக்குப் போனேன். அவள் பேட்டோடு காத்திருந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “சொன்னா நீ வெளையாட வரமாட்டக்கா. கடைசி நாள் வரைக்கும் ஆடிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

இன்றைக்கு அதை எழுதும்போது அந்தப் பதிலில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று புரிகிறது. அன்றைக்கு எங்கே புரிந்தது! ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள், பெஞ்சில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பார்க்க, “போறவ போ. இனிமே என் வாசப்படிய மிதிச்ச, நான் மனுஷியா இருக்கமாட்டேன்” என்று கத்திவிட்டுத் திரும்பினேன்.

பத்து நாள் பூங்காப் பக்கம் போகவில்லை. நாலரை மணியானால் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்கு ஏறுவேன். அங்கிருந்து பார்த்தால் திடல் தெரியும். அவளும் வரவில்லை. வந்து கூப்பிட்டால் போய்விடுவேன், ஆனால் அவள்தான் கூப்பிட வேண்டும். இப்படி ஒரு வீம்பு. வரக்கூடாது என்று சொன்னவள் நான்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை என்னால் தாங்க முடியவில்லை. பூங்கா வழியாகப் போய்க் கரையில் ஏறி நின்றேன். கரையின் மறுகோடியில், கோயில் வாசலில் அவள் நின்றிருந்தாள். ஊரைவிட்டுப் போகுமுன் மாமியாரைச் சாமி கும்பிட அழைத்து வந்திருக்கிறாள். பக்கத்தில் ஆட்டோ நின்றது. அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தி ஏதோ கத்தினாள். எதிர்காற்றில் ஒரு சொல்தான் வந்து சேர்ந்தது.

“வாரே...ன்!”

எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது யாரும் போறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்பதுதான் போகிறேன் என்பதற்கும் சொல். ஏழு வருஷமும் பூங்கா வாசலில் அவள் அதைச் சொல்லித்தான் என்னைப் பிரிந்து போயிருக்கிறாள். ஆகவே எனக்குக் கேட்டது விடைதான். ஓகோ, ஏழு வருஷத்துக்கு இவ்வளவுதானா? கிட்டே வந்து சொல்லக்கூட மனசில்லையா? அடியே, போ! கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, பாத்திரங்களை டமார் டமார் என்று போட்டு விளக்கினேன்.

மறுநாள் காலை பூங்காவுக்குப் போனேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காவல்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

“எங்க தாயி போன நேத்து? அந்தப் புள்ள வந்து எம்புட்டு நேரம் உக்காந்திருந்துச்சு தெரியுமா? மாமியாள வீட்டுல விட்டுட்டு, ரெண்டு பேட்டையும் எடுத்துக்கிட்டு ஓடியாந்துச்சு. ‘அக்காகிட்ட வாரேன்னு சத்தம் குடுத்துட்டுத்தாண்ணே வந்தேன், இருக்கச் சொல்லிக் கையக் காட்டுனேன்’னு சொல்லுச்சு. வெளக்கு போடுற வரைக்கும் அந்த பெஞ்சுலதான் இருந்துச்சு.”

அவள் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான்தான் போகிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

“வீட்டுக்கு வந்திருக்கலாமேண்ணே” என்றேன்.

“நானும் அதத்தான் சொன்னேன். ‘ரெண்டு எட்டுதான, போய்ப் பாத்துட்டு வந்துரு’ன்னேன். ‘அக்கா வரக்கூடாதுன்னு சொல்லியிருக்குண்ணே’ன்னுச்சு.”

ஓடினேன். செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். அவள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. விடிகாலை ரயிலுக்கே போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பெங்களூரில் எந்த இடம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பின்னால் டவுனில் அவள் சொந்தக்காரர்கள் கடை என்று கேள்விப்பட்ட இரண்டு இடங்களில் விசாரித்தேன். பெங்களூரையும் விட்டு வேறெங்கோ மாறிவிட்டார்கள் என்றார்கள்.

இப்போது கரையில் கல் பதித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடக்கத் துணைக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள், நல்ல மனுஷிகள். ஆனாலும் நாலரை மணி வெயில் சாயும்போது மனசு அவளைத் தேடுகிறது. அன்று மாலை அவள் என் சொல்லை மீறி வந்து கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டேன். திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன். அது அவளுக்குத்தான் தெரியாது.