இரண்டாம் பிரிவில் நான் பிடித்த கொடி

என் மனைவியின் அண்ணன் தோற்றுவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவன்மேல் எனக்கு அதிகம் பொறாமை வந்தது. வென்றுவிட்டு வந்திருந்தால் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் உதைபந்தாட்டக் கழகம் ஆறு கோல் வாங்கியிருக்கும். அவனோ கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருந்தான். நான் மஹய்யாவைக்காரன், மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை. அவன் மெனேஜராக இருந்த ஊர்க் கழகமும் எங்கள் கழகமும் பல வருடங்கள் இரண்டாம் பிரிவில் ஒன்றாகக் கிடந்தவை. இரண்டாம் பிரிவில் முதலாவதாக வருகிற அணி மேலே ஏறும், முதல் பிரிவில் கடைசியாக வருகிற அணி கீழே இறங்கும். ஒரு வருடம் அவர்கள் முதலாவதாக வந்தார்கள். நாங்கள் இரண்டாவது. அவர்கள் ஏறிவிட்டார்கள், நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

ஆட்டங்கள் முடிந்ததும் குட்ஷெட் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் கூடுவோம். பிளேன்டீயும் வடையும் வரும் முன்பே வாக்குவாதம் வந்துவிடும்.

"எத்தன மச்சான் இன்னைக்கு?" என்று கேட்பேன். எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"ஆறு."

"நீங்க எத்தன அடிச்சீங்க?"

"அடிக்கல்ல. அத விடு மச்சான். அவனுக சென்டர் ஃபோர்வர்ட் இருக்கானே, நாட்டுக்கு ஆடினவன். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். கை நீட்டினா தொடலாம். அவன் பந்த வாங்கித் திரும்புறத நீ பாத்திருக்கணும்!"

கடையில் இருந்த எல்லாரும் அவன் பக்கம் திரும்பி உட்காருவார்கள், எங்கள் ஆட்கள் உட்பட. அன்று நாங்கள் நான்குக்குப் பூச்சியம் என்று வென்றிருப்போம். யாராவது ஒப்புக்கு, "யார்கூட?" என்று கேட்பார்கள். அணியின் பெயரைச் சொன்னால், "ஓ, அவனுகளா" என்று சொல்லிவிட்டு, நாட்டுக்கு ஆடினவன் கதைக்கே திரும்பிவிடுவார்கள்.

"ஒவ்வொரு கெழமையும் போய் ஒத வாங்கிட்டு வர்றதுக்கு மேல போகணுமா?" என்பேன். "கீழ இருந்தாலும் நாங்க மானத்தோட இருக்கோம்."

"கீழ ஜெயிச்சு என்னா செய்ய? ஒருத்தனுக்கும் தெரியாது. நாங்க தோத்தா பேப்பர்ல வருது மச்சான்."

உண்மையாகவே வந்தது. கடைசிப் பக்கத்தின் மூலையில், எறும்பு அளவு எழுத்தில். அதை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பான். வாரத்துக்கு ஒரு தோல்வி சேர, அந்தப் பை உப்பிக்கொண்டே வந்தது.

ஆனால் என்னை உண்மையில் வாட்டியது பேப்பர் அல்ல, வலை. எங்கள் மைதானத்தில் கோலுக்கு இரண்டு கம்பமும் குறுக்கே ஒரு மூங்கிலும்தான். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்தை நிறுத்தி அரைமணி நேரம் சண்டை பிடிப்போம். உள்ளே போன பந்து நிற்காமல் சரிவில் உருண்டு கழிவுநீர்க் கானுக்குள் விழும். கோல் அடித்தவனே ஓடிப்போய் எடுத்து வருவான். முதல் பிரிவில் வலை கட்டுவார்கள். தன் கழகம் வாங்கிய கோலைக்கூட மச்சான் ரசித்துச் சொல்வான். "வலை அப்படியே உள்ள போய் ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு!" தோற்றவனின் வலைமேல் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன்.

எனக்கென்று ஒன்று இருந்தது. அதுதான் கொடி.

முதல் பிரிவு ஆட்டங்களுக்குக் கோட்டோரம் ஓடிக் கொடி காட்டுகிறவர்களை லீக் அனுப்பும். இரண்டாம் பிரிவுக்கு மத்தியஸ்தர் ஒருவர் வருவதே பெரிய காரியம். ஆகவே ஒவ்வொரு கழகமும் தன் ஆள் ஒருவனைக் கொடிக்கு நிறுத்த வேண்டும். முழங்கால் போய் நான் ஆட்டத்தை விட்ட பிறகு எங்கள் கொடி எனக்கு வந்தது. மனைவியின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த துண்டு, கொய்யாக் கம்பு. களவு நடக்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கொடிக்காரன் தன் அணி கோல் அடிக்கப் போகிற பாதியில்தான் நிற்க வேண்டும். தன் பையன்கள்தான் அவன் கண்முன் ஓடுவார்கள். அவர்களில் ஒருவன் பந்து தரப்படுகிற நேரத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றால் அது ஓஃப்சைட். கொடிக்காரன் தன் ஆளுக்கு எதிராகவே கொடியைத் தூக்க வேண்டும். தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்ள யாரும் பொய் சொல்ல மாட்டான் அல்லவா? அதனால் அந்தக் கொடி உயர்ந்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மத்தியஸ்தர்கூட ஒவ்வொரு கோலுக்கும் நடு வட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக நான் கிழமை முழுவதும் காத்திருப்பேன்.

மூன்றாவது வருடம் மச்சானின் கழகம் கடைசியாக வந்தது. இறங்குவது உறுதி என்று தெரிந்த ஞாயிறு நான் தேத்தண்ணிக் கடையில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். இனி இவன் பை காலி என்று நினைத்தேன். எங்கேயாவது காலியானதா? "மூனு வருசம் மேல நின்னோம் மச்சான், சும்மாவா?" என்று புதுக் கதை தொடங்கிவிட்டான். விழுவதற்குக்கூட அவனுக்கு ஓர் உயரம் இருந்தது.

அதே வருடம் நாங்கள் நன்றாக ஆடினோம். கம்பளைப் பக்கத்து அணி ஒன்றுக்கும் எங்களுக்கும்தான் போட்டி. கடைசி ஆட்டம் அவர்களோடு, எங்கள் மைதானத்தில். அவர்களுக்கு எங்களைவிட ஒரு புள்ளி கூட. நாங்கள் வென்றால் நாங்கள் மேலே. சமநிலை என்றால் அவர்கள் மேலே. மஹய்யாவையில் அந்தக் கிழமை வேறு பேச்சே இல்லை.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு எங்கள் கழகச் செயலாளர் என் வேலைத்தலத்துக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நம்ம ஏறினா ஒங்க மச்சானத்தான் மெனேஜரா போடப் போறோம். கமிட்டி முடிவு பண்ணிருச்சு. மேல போய்ப் பழகின ஆள் வேணும்ல?"

"அவன் கழகம்?"

"அது எறங்கிருச்சே. நம்மகூட வர்றேன்னு சொல்லிட்டாரு. ஒங்க குடும்பத்துக்குத்தான்ண்ணே பெருமை."

"கொடி?" என்று கேட்டேன்.

"மேல லீக்கே ஆள் அனுப்பும்ல. கறுப்பு உடுப்புல வருவாங்க. நீங்க இனி ஓட வேணாம், ஆறுதலா ஒக்காந்து பாருங்க."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்று வருடம் தோற்றதே அவனுக்குத் தகுதியாகிவிட்டது. அவன் ஏறினான், இறங்கினான், இப்போது எங்கள் தோளில் கால் வைத்து மறுபடி ஏறப் போகிறான். மழையிலும் வெயிலிலும் கோட்டோரம் ஓடிய நான் ஆறுதலாக உட்கார வேண்டும். வீட்டில் மனைவியிடம் சொன்னால், "எங்கண்ணனுக்கு அந்தத் தெறம இருக்குல்ல" என்றாள். அன்று அவளோடு பேசவில்லை.

ஆட்டத்தன்று மழை விட்டு மைதானம் சேறாகக் கிடந்தது. மஹய்யாவையே சரிவில் நின்றது. எல்லாரும் நிற்க, கமிட்டிக்காரர்கள் மச்சானுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கதிரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சப்பாத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கதிரையைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது.

முடிய பத்து நிமிடம் இருக்கையில் ஒன்றுக்கு ஒன்று. வலப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. எங்கள் முன்கள ஆட்டக்காரன், மாநகர சபைக் குப்பை லொறியில் வேலை செய்து என்னோடு ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தவன், முப்பது வயதுக்காரன், சேற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினான். பந்து உதைபட்ட நேரத்தில் அவன் எங்கே நின்றான் என்பதை நான் பார்த்தேன். தடுப்பாளனுக்கு இந்தப் பக்கம்தான் நின்றான், நன்றாகவே பின்னால். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. காலை வீசினான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய்ச் சரிவில் உருண்டு கானில் விழுந்தது.

சரிவு முழுவதும் கூச்சல். கதிரை கவிழ்கிற சத்தம் கேட்டது. மச்சான் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் கத்தினான்: "ஏறிட்டோம்! நாம ஏறிட்டோம்!"

அந்த 'நாம' என் காதில் விழுந்த நேரம் மத்தியஸ்தர் வழக்கம்போல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கொடியைத் தூக்கினேன்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது வரும், ஒரு கல்லாவது வரும் என்று நின்றேன், வரவில்லை. எங்கள் வழக்கம் அப்படிப்பட்டது. சொந்த ஆளின் கொடியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சரிவு அப்படியே அடங்கிப்போனது. முன்கள ஆட்டக்காரன் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான்.

"எவ்வளவுண்ணே?"

"ஒரடி," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கம்பளைக்காரர்கள் ஏறினார்கள். அவர்கள் கப்டன் என்னைத் தேடிவந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

மச்சான் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். கண்ணெல்லாம் தண்ணீர். "மூனு வருசம் மேல இருந்து பாத்துட்டேன் மச்சான், இப்படி ஒரு லைன்ஸ்மேன நான் பாக்கல்ல" என்றான். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் நாட்டுக்கு ஆடினவன் கதை நின்றுபோய், என் கதைதான். மேல் பிரிவா கீழ் பிரிவா என்று யார் வாக்குவாதம் தொடங்கினாலும், "கீழதான் நேர்மை இருக்கு, எங்க மச்சானப் பாருங்க" என்று முடித்து வைப்பான். மூன்று வருடம் நான் வாதாடியும் வெல்லாததை அவனே எனக்காக வென்று கொடுத்தான். என் வடையை அவன் தட்டில் வைத்துவிடுவேன்.

எங்கள் கழகம் பிறகு அந்த அளவுக்குக் கிட்டே வரவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த முன்கள ஆட்டக்காரன் முழங்கால் சத்திரசிகிச்சைக்காகப் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதில் சரிபார்த்துக்கொண்டேன். இந்த வயதில் சொல்லிவிடலாம், அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் போனேன். தோடம்பழப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு. அன்னைக்கு நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஒரு செக்கன் பொறுத்து ஓடியிருந்தா மஹய்யாவ முழுக்க மேல போயிருக்கும். லொறியில போறப்ப அந்த மைதானத்த தாண்டுறப்பல்லாம் அதத்தான் நெனப்பேன். நீங்க கொடி தூக்கிட்டு எவ்வளவு வேதனப்பட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ண்ணே. என்ன மன்னிச்சிருங்க."

இத்தனை வருடமாக அவன் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிப்பும் கேட்டாயிற்று, இனி நிம்மதியாகத் தூங்குவான். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த அந்த மனிதன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

"ஒரடிதானேப்பா, விடு," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.