அத்தையின் சாய்ந்த மேசை

எங்கள் வீட்டில் காலியாக ஓர் இடம் கண்ணில் பட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் அதன்மேல் எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுவோம். கிள்ளானில் இரண்டு மாடி வீடு. இருந்தது ஐந்து பேர், சாமான் ஐம்பது பேருக்கு. அப்பாவின் தங்கையான அத்தைக்கு மட்டும் சொந்தமென்று பெரிதாக எதுவும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். என் அறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் பங்சாரில் இருந்த அத்தையின் அலுவலகம் அவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. பாவம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்வார். அம்மா கீரைக்கட்டை அவிழ்ப்பார். தம்பி பாலைக் கொட்டுவான். அப்பா வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா, சாப்புட்டுப் போயிடுறேன்," என்பார். தள்ளித் தள்ளி மூலைக்குப் போன அத்தை, கடைசியில் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் மேலதிகாரியோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா மிக்ஸியை ஓடவிட்டார். அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஹார்ட்வேர் கடையிலிருந்து பலகையும் கட்டைகளும் வாங்கிவந்தார். மாடிப்படிக்குக் கீழே அடைந்து கிடந்ததையெல்லாம் அப்புறப்படுத்தி, தானே அளந்து, தானே அறுத்து, இரண்டே நாளில் அங்கே ஒரு மேசை கட்டினார். அப்பா உதவிக்கு வந்தபோது, "வேணாண்ணே, இத நானே செஞ்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டார். அத்தை அவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதேயில்லை.

கட்டி முடித்ததும் பார்த்தால், அலாமாக்! மேசை உட்காருகிற பக்கமாகச் சரிந்து நின்றது. முன்கால்கள் இரண்டும் குட்டை. கணினி வழுக்கி விழாமலிருக்க விளிம்பில் அதன் அகலத்துக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டம் வேறு அடித்திருந்தார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னம்மா இது, மேசை கட்டுனியா, சறுக்குமரம் கட்டுனியா?"

"எனக்கு இப்படித்தாண்ணே வேணும்," என்றார் அத்தை.

உண்மையாகவே அவருக்கு அது அப்படித்தான் வேண்டியிருந்தது. அந்த மேசையில் வெங்காயக்கூடை நிற்காது, டீ கிளாஸ் நிற்காது, சாவிக்கொத்துகூட வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அம்மா இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார். ஒரு வாரம் அத்தை அங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். வேலைக்கு நடுவே மெதுவாகப் பாட்டுகூட முணுமுணுத்தார். எனக்கோ இதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது! வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சறுக்குமரக் கதையைச் சொல்லிச் சிரிக்க, அத்தைக்காக எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பாசாருக்குப் போயிருந்தார். மிச்சம் கிடந்த கட்டைத் துண்டுகளை எடுத்துவந்தேன். தம்பியை மேசையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, முன்கால்களுக்கு அடியில் அவற்றைச் சொருகினேன். மேசை மட்டத்துக்கு வந்தது. நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை! அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்து, கட்டைகளை ஆணியடித்து இறுக்கியும் தந்தார்.

அத்தை திரும்பி வருவதற்குள் மேசைமேல் வெங்காயக்கூடை, அப்பாவின் ஹெல்மெட், இஸ்திரிப்பெட்டி, தம்பியின் வர்ணப்பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. கணினி சுவரோரமாக ஒதுங்கிக் கிடந்தது.

"யாரு செஞ்சா?" என்றார், கையில் பாசார் பையோடு.

"நான்தான் அத்த! இனிமே யாரும் ஒங்களப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க லா."

அத்தை குனிந்து முன்கால்களைப் பார்த்தார். அந்தக் கட்டைகளைப் பிடுங்கியெறிய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பிடுங்கவில்லை. "நல்லா செஞ்சிருக்க கண்ணு," என்று என் தலையைத் தடவிவிட்டு, கணினியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடிப்படிக்குப் போனார்.

அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிட்டார். அப்பா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். "ஆபீசுக்குப் பக்கமாச்சேண்ணே," என்றார் அத்தை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவருக்கு ஆபீஸ் பக்கத்தில் இருந்தால் என்ன, தூரத்தில் இருந்தால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தை கிளம்பிய அன்று வாசல்வரை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேசைய விட்டுட்டுப் போறீங்களே அத்த," என்றேன். "அதான் இப்ப நேரா ஆயிடுச்சே!"