தழும்பு இல்லாத ஆப்பரேஷன்

எழுபதுகளில் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளின் பெயர் எனக்குத் தெரியாது. கிடந்தாள் என்று சொல்வதே தப்பு. ஒல்லி உடம்பு, ஏற்றிக் கட்டிய கொண்டை, ஒரு கை தோளில். வார்டில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். எனக்கோ கட்டி எடுக்க வயிற்றை நீளமாகக் கிழித்துத் தைத்திருந்தார்கள். தும்மினால் உயிர் போகும்.

அவளுக்குப் பிள்ளை போதும் என்று செய்த ஆப்பரேஷன். தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு முடித்துவிட்டார்களாம். அப்போது அது புதுசு.

"வயித்துல காத்து அடைச்சாங்கக்கா, வலி தோள்ல வந்து நிக்குது. நாளைக்கே வீட்டுக்குப் போவணுமாம்."

"நல்லதுதானே லா!"

"என்ன நல்லது? உங்களுக்கு ஒரு மாசம் ரெஸ்ட். எனக்குத் தழும்பே இல்ல, மாமியார் எப்படி நம்புவாங்க? புக்கிட் மேரா வீட்ல ஒன்பது பேருக்கு நான்தான் ஆக்கணும்."

மறுநாள் காலை, என் வயிற்றில் கட்ட வைத்திருந்த பழைய சேலையை எடுத்தேன். நான் கட்டிலில் உட்கார்ந்து முனையைப் பிடித்துக்கொள்ள, அவளே சுற்றிச் சுற்றி வந்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். நடக்கிற கால் அன்றைக்கு உதவியது!

மாமியார் வந்தார்.

"ஐயோ, இவ்ளோ பெரிய கட்டா! பையக் குடு. குனியாதே, சொல்லிட்டேன்!"

அவள் முனகியபடி, அசைந்து அசைந்து போனாள். சேலை திரும்பி வரவில்லை. அந்தக் கட்டை எத்தனை நாள் அவிழ்க்காமல் சமாளித்தாளோ!